வெல்டன் வாய்க்குக் கட்டிய கயிறு

ஏலக்காரர் வெல்டன் தார்ப்பின் வாய்க்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவரே வெல்டன்தான். நம்மைப் பற்றிய கேலியை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அடுத்தவனுக்குச் சரக்கு தீர்ந்துபோகும் என்பது அவருடைய தொழில் ரகசியம். துருப்பிடித்த டிராக்டரையும் பால் வற்றிய மாட்டையும் ஒரே மூச்சில் புகழ்ந்து தள்ளிவிடுவார். அந்த நேரம் பார்த்து யாராவது மூக்கைச் சொறிந்தால், அதையும் ஏலக் கேட்பாக எடுத்துக்கொண்டு மாட்டைச் சொறிந்தவர் தலையில் கட்டிவிடுவார்.

அன்று ஜனவரியின் கடைசி ஞாயிறு. வாத்து வேட்டைக் காலம் அன்றோடு முடிகிறது. ஆர்கன்ஸாவின் அந்தத் தாழ்நிலத்தில் அன்றைக்கு சர்ச்சில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் பாதிரியார். பாதிரியாரும் பிரசங்கத்தைச் சுருக்கமாகத்தான் வைத்துக்கொள்வார்.

நேடீன் ரொட்டியைப் பிளந்து, அதன் தலையில் வெள்ளைக் குழம்பை ஊற்றி, கணவர் முன்னால் தட்டைத் தள்ளினாள்.

"இன்னைக்கு மத்தியானம் எங்க அண்ணன் படகை விக்கிறான். தெரியுமா உனக்கு?"

"யாருக்கு?"

"க்ளோவிஸுக்கு. கடைசி நாள்னு அண்ணன் இன்னைக்கு உன்கூட வர்றான்ல, நீங்க ரெண்டு பேரும் காட்டுலேர்ந்து திரும்புறப்ப க்ளோவிஸ் படகுத் துறையிலயே வந்து பார்த்துக்கிறானாம்."

வெல்டனின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

நேடீனின் அண்ணன் கார்லண்ட் ஸ்டோவல் நெல் விவசாயி. அறுவடை முடிந்துவிட்டால் வசந்தம் வரும்வரை வயலில் அவருக்கு வேலை இல்லை. வீட்டில் ஆளும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். குளிர்காலம் முழுக்க அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, முகம் மழிக்க வைத்து, நாலு பேரோடு பேசவும் வைத்தது தண்ணீர் நின்ற அந்த ஓக் காடுதான். காட்டில் அவர் ராஜா. வாத்துக் குரலில் கூப்பிட்டு வாத்துகளை இறக்குகிற ஊதலை அவர்போல ஊத அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. உயரத்தில் போகிற கூட்டத்தில் ஒரே ஒரு பெட்டை மட்டும் திரும்பிப் பார்க்கும்படி ஊதுவார். அது திரும்பினால் மற்றதெல்லாம் திரும்பும்.

நவம்பரில், நன்றித் திருநாள் விருந்தில், எல்லோரும் வான்கோழியைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தபோது கார்லண்டின் இடது கடைவாயில் குழம்பு வழிந்தது. மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் முகத்தில் பாதிதான் சிரித்தது. அதோடு மேசையின் சிரிப்பு நின்றது.

முகவாதம் என்றார் டாக்டர். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுமையாக இருங்கள் என்றார். பேச்சு மெல்லச் சரியாகிவிட்டது. ஆனால் உதடு கூடவில்லை. ஊதலை வாயில் வைத்தால் காற்று இடப்பக்கமாக, ஆணி ஏறிய டயரைப் போல, புஸ்ஸென்று போனது. வேட்டைக் காலம் முழுவதையும் கார்லண்ட் வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே கழித்தார். அதைப் போட்டுக்கூட வைக்கவில்லை என்று நேடீன் சொன்னாள்.

"படகும் போயிட்டா அப்புறம் அவன் வெளிய வர்றதுக்கு ஒரு காரணமும் கிடையாது வெல்டன். இன்னைக்கு ஒரு வாத்தாவது அவன் கண்ணு முன்னால இறங்கணும். என்ன செய்வியோ எனக்குத் தெரியாது."

"நான் ஊதினா வாத்தெல்லாம் கனடாவுக்கே திரும்பிப் போயிருமே."

"அப்ப ஊதாம இரு."

"அது மட்டும்தான் எனக்கு வராது," என்றார் வெல்டன். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மிச்ச ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

*

வெல்டனும் கார்லண்டும் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் விடியுமுன்பே போய், குளிரில் விறைத்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். க்ளோவிஸ் ஹெம்ஃபில் தன் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் அடுத்தவர் பொருளைப் பார்க்கும்போதே மனசுக்குள் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிடுவான்.

"ஒண்ணுகூட இறங்கலண்ணே," என்றான். "சுத்துது, சுத்துது, மரத்துக்கு மேல வரைக்கும் வந்துட்டு, ஏதோ பேயைப் பார்த்த மாதிரி போயிருது. நீங்க இப்பப் போய் என்ன பண்ணப் போறீங்க? மத்தியானத்துக்கு மேல இந்தக் காட்டுல சுடவும் விடமாட்டாங்க."

"வெயில் காயப் போறோம்," என்றார் கார்லண்ட்.

"சரி, மத்தியானம் வந்துடறேன். படகைப் பார்க்கணும்ல?" அவன் கண் ஏற்கெனவே அதைத் தடவிக்கொண்டிருந்தது.

கார்லண்டின் இடக்கண் மூடாது என்பதால் குளிர்காற்றுக்கு அதன்மேல் கறுப்புத் துணி கட்டியிருந்தார். ஏலத்தில் கப்பல் வாங்க வந்த கடற்கொள்ளைக்காரன் போல இருக்கிறது என்று வெல்டன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். கார்லண்ட் சிரிக்கவில்லை. படகில் ஏறியதும், கழுத்தில் கிடந்த வாரைக் கழற்றி வெல்டனின் கழுத்தில் மாட்டினார். வாதுமை மரத்தில் கடைந்த ஊதல் அது. வருஷக்கணக்கான கைச்சூட்டில் கறுத்து வழுவழுவென்று இருந்தது.

"உனக்குத்தான் மாப்ளே. வச்சுக்க."

"இன்னைக்கு ஒரு நாளைக்கா மச்சான்?"

"வச்சுக்கன்னேன்."

பழுப்பு நிற நாய் கிரேவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஊதல் தவறான கழுத்தில் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. வெல்டனுக்கும் தெரிந்திருந்தது. மணமேடையில் வேறொருவன் மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மாதிரி அவர் நெளிந்தார்.

வெல்டன் ஒரு பெரிய மூட்டை கொண்டுவந்திருந்தார். நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்காகத் தண்ணீரில் மிதக்கவிடுகிற பொம்மை வாத்துகள் அதில் கும்பலாகக் கிடந்தன. மேலே, பாட்டரியில் சிறகு சுற்றுகிற புதுப் பொம்மை ஒன்று.

"அது வண்டியிலயே கிடக்கட்டும்," என்றார் கார்லண்ட்.

"ஏன், புதுசு மச்சான்!"

"உனக்குப் புதுசு. அதுங்க கனடாவுல கிளம்பி இங்க வந்து சேர்றதுக்குள்ள ஒவ்வொரு குட்டையிலயும் இதே பொம்மையைப் பார்த்தாச்சு. அது கிட்டப் போனப்பல்லாம் யாரோ சுட்டிருக்கான். இப்ப உயிரோட இருக்கிறதெல்லாம் படிச்ச வாத்து. ஏலத்துல மூணு வாட்டி ஏமாந்தவன் இருப்பான் பாரு, அவன்கிட்ட நீ சத்தம் போட்டுப் புகழ்ந்தா என்ன பண்ணுவான்?"

"ஒரு அடி பின்னால போவான்."

"அதான்."

நாலே நாலு பொம்மைகளைத்தான் கார்லண்ட் எடுத்தார். எல்லாம் பழசு, சாயம் போனது. மூன்று பெட்டை, ஒரு ஆண். தன் ஏலத்திலேயே வைக்க வெட்கப்படக்கூடிய சரக்கு என்று வெல்டன் நினைத்தார். ஆனால் வாய் விட்டுச் சொன்னது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மரங்களுக்கு இடையே படகு நுழைந்தது. நீரில் நின்ற ஓக் மரங்கள் சாம்பல் நிறத் தூண்களாக நெடுக நின்றன. நடுவே ஒரு முற்றம் அளவுக்குத் திறந்த வெளி. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. இருவரும் நெஞ்சுவரை ஏறிய ரப்பர் உடுப்போடு தொடை ஆழத் தண்ணீரில் இறங்கினார்கள். வெல்டனின் உடுப்பில் இடது கால் வழக்கம்போல ஒழுகியது. ஒழுகாத உடுப்பைப் போட்டால் தனக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்று அவர் சொல்வது வழக்கம்.

வெல்டன் பனியை மிதித்து நொறுக்கப் போனார். கார்லண்ட் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நொறுக்கிட்டா சில்லெல்லாம் மிதந்து கண்ணாடி மாதிரி மின்னும். பெரிய பெரிய தகடா உடை. உடைச்சுத் தள்ளி, அந்த ஓரத்துப் பனிக்கு அடியில செருகு. மேல இருந்து பார்க்கிறவனுக்கு, வாத்துக்கூட்டம் ராத்திரியெல்லாம் நீந்தி நீந்தி உறையவிடாம வச்சிருந்த தண்ணி மாதிரி இருக்கணும்."

அதன்பின் கார்லண்ட் வேலை செய்ததை வெல்டன் நின்று பார்த்தார். ஓரத்து மரத்தில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, அதிலிருந்து கயிற்றை இழுத்து, நாலு பொம்மைகளையும் அதில் கோத்து, மறுமுனையைத் தான் நிற்கப்போகும் மரத்துக்குக் கொண்டுவந்தார். மெல்லச் சுண்டினார். பொம்மைகள் தலையை ஆட்டிக்கொண்டு நீந்தின. அலை வளையம் வளையமாகப் போய் மரங்களின் இடுப்பைத் தொட்டது. விட்டார், ரப்பர் பின்னால் இழுத்தது. சாயம் போன நாலு பிளாஸ்டிக் துண்டுகள், ஓக் கொட்டை பொறுக்குகிற சோம்பேறிக் குடும்பமாகிவிட்டன. வெல்டன் கண்ணில் சட்டென்று அவற்றுக்கு விலை ஏறிவிட்டது.

நாயை மரத்தில் மாட்டிய சிறு பலகையில் ஏற்றினார்கள். இருவரும் வெயிலுக்கு முதுகு காட்டி, ஆளுக்கொரு மரத்தின் நிழற்பக்கம் ஒட்டி நின்றார்கள்.

"தலையைத் தூக்காதே," என்றார் கார்லண்ட். "மேல இருந்து பார்த்தா மனுஷன் முகம் வெள்ளித்தட்டு மாதிரி மின்னும். நான் பார்த்துக்கிறேன். என் முகத்துல பாதிதான் வேலை செய்யுது, அதனால பாதிதான் தெரியும்."

அன்றைக்கு அவர் சொன்ன முதல் கேலி. வெல்டனுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்தால் அவருக்கு வாய் கூடும்; அதுதான் ஆபத்து.

*

முதல் கூட்டம் வந்தது. வெல்டன் அதைப் பார்க்கவில்லை. தொப்பி விளிம்புக்குக் கீழே தண்ணீரில் அவற்றின் நிழல் ஓடியதைத்தான் பார்த்தார். கார்லண்ட் தண்ணீரை முழங்காலால் உதைத்தார். அலை போனது. மேலே சிறகுகளின் ஓசை, பட்டுத்துணியைக் கிழிப்பது போல, ஒரு வட்டம் சுற்றியது.

கார்லண்ட் ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று வெல்டன் காதில் விழவில்லை; கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் வாத்துக்கும் கேட்கும். இத்தனை வருஷமாக இந்தச் சிக்கலே இருந்ததில்லை. பார்க்கிற கண்ணும் ஊதுகிற வாயும் ஒரே ஆளிடம் இருந்தன. இப்போது கண் ஒரு மரத்தடியில், வாய் இன்னொரு மரத்தடியில்.

இரண்டாம் வட்டம். வாத்துகள் பேசாமல் சுற்றின. வெல்டனால் பொறுக்க முடியவில்லை. வாங்க வந்தவன் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறான், ஏலக்காரன் சும்மா இருந்தால் அது ஏலமா? தலையைத் தூக்கினார். மரக்கிளைகளுக்கு மேலேயே, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பச்சைத்தலை ஆண் வாத்துகள் வெயிலில் மின்னின. வெல்டன் கன்னத்தை உப்பி ஊதினார். குவாஆஆக், குவாக், குவாக், குவாக் என்று, விருந்துக்கு ஊரையே கூப்பிடுகிற மாதிரி.

கூட்டம் அப்படியே நிமிர்ந்தது. ஒரு நொடி வானத்தில் நின்றது போல இருந்தது. அடுத்த நொடி அங்கே வானம் மட்டும் இருந்தது.

கிரேவி பெருமூச்சு விட்டது. நாய் விட்டதால் அதை மன்னிக்கலாம். மனிதர் யாராவது விட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

கார்லண்ட் பொம்மைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் வெல்டன் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பார்.

"என்ன மச்சான் பண்றே?"

"விடு மாப்ளே. நீ என்ன செய்வே பாவம். வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் மத்தியானம் ஆகலயே."

"க்ளோவிஸ் காத்துக்கிட்டு இருப்பான்."

மரத்தில் சுற்றியது போக நீளமாக மிஞ்சிய கயிற்றைக் கார்லண்ட் கத்தியால் அறுத்து எறிந்தார். அந்தத் துண்டு வெல்டனின் தொடைப் பக்கம் மிதந்து வந்தது. வெல்டன் அதைப் பார்த்தார். நாலு பொம்மைகளைப் பார்த்தார். ஒழுகுகிற உடுப்புக்குள் தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டதையும் உணர்ந்தார். பிறகு கயிற்றை எடுத்து, தன் இடது மணிக்கட்டில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். மறுமுனையை மச்சானிடம் நீட்டினார்.

"என்ன இது?"

"நீ பார்க்கிற ஆளு, நான் ஊதுற ஆளு. நடுவுல கம்பி இல்லாம எப்படி விளக்கெரியும்? இழுத்தா ஊதுறேன். விட்டா வாயை மூடுறேன்."

"உன் வாயையா?"

"இந்தக் கயிறு அறுந்துபோற வரைக்கும் இது உன் வாய் மச்சான். என் பெண்டாட்டி இத்தனை வருஷமா தேடுற கயிறு இது. அவகிட்ட மட்டும் சொல்லிறாதே."

கார்லண்டின் வலக்கன்னம் அசைந்தது. பாதிச் சிரிப்புத்தான், ஆனால் முழுசாக வந்தது.

"அப்ப எனக்கு அஞ்சு பொம்மை," என்றார், பொம்மைக் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டே. "நாலு பிளாஸ்டிக். ஒண்ணு மூணு மூட்டை நெல்லு எடை."

"மூணா? கிறிஸ்மஸுக்கு அப்புறம் நான் எடை பார்க்கவே இல்ல. நாலா இருக்கும்."

*

வாத்து இல்லாத வானத்தின்கீழ் கொஞ்சம் ஒத்திகை பார்த்தார்கள். கார்லண்ட் சுண்டினார், வெல்டன் ஊதினார்.

"அது வாத்து இல்ல மாப்ளே. எண்ணெய் போடாத வாசக்கதவு."

மறுபடி.

"இப்ப வாத்துதான். ஆனா சாகப்போற வாத்து."

மறுபடி. கார்லண்ட் நீளமாக இழுத்தால் ஒற்றைக் குவாக். கயிறு நடுங்கினால், தண்ணீரில் இரை பொறுக்கும்போது வாத்துகள் தமக்குள் பேசிக்கொள்கிற கெக்கெக்கெக். கயிறு தளர்ந்தால் ஒன்றுமில்லை. ஊதுவது வெல்டனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அந்த ஒன்றுமில்லைதான் பிடிபடவில்லை. கயிறு தளர்ந்த பிறகும் ஒரு குவாக் தானாக, ஏப்பம் போல, வெளியே வந்துவிடும்.

"கயிறு தளர்ந்தா அது சும்மா இருக்கிறதில்ல," என்றார் கார்லண்ட். "அதுவும் ஊதுறதுதான். வாத்து உன்னைப் பார்த்து வர்றப்ப எதுக்குக் கூப்பிடணும்? வாலைக் காட்டிட்டுப் போறப்ப மட்டும் கூப்பிடு. மூஞ்சியைக் காட்டுனா மூடிக்க."

மேற்கே தொலைவில் யாரோ இளவட்டங்கள், கொட்டுமேளம் போல ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலிருந்து விலகித்தான் அடுத்த வாத்துக் கூட்டம் வந்தது.

கயிறு நீளமாக இழுபட்டது. வெல்டன் ஒற்றைக் குவாக் விட்டார். தலை குனிந்தபடியே. கயிறு தளர்ந்தது. மூடினார். மேலே சிறகோசை கிட்டே வந்தது, தாண்டியது. வாலைக் காட்டிவிட்டது போலும். கயிறு ஒரு நடுங்கு நடுங்கியது. கெக்கெக்கெக். மறுபடி தளர்ந்தது. தண்ணீரில் நிழல்கள் திரும்பி வந்தன.

வெல்டனுக்கு ஒரு விநோதம் நேர்ந்தது. எப்போது ஊத வேண்டும் என்று யோசிக்கிற வேலை அவரிடமிருந்து கழன்றுபோயிற்று. மணிக்கட்டில் இழுப்பு வரும். உதட்டில் சத்தம் வரும். அந்தச் சத்தம் தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அந்த லேசான தயக்கம், கடைசியில் குரலைக் கொஞ்சம் கீழே போடுகிற அந்தச் சலிப்பு, "வந்தா வாங்க, வராட்டி போங்க, இங்க கொட்டை நிறையக் கிடக்கு" என்கிற அந்தப் பெட்டையின் அலட்சியம். எத்தனையோ குளிர்காலம் அடுத்த மரத்தடியிலிருந்து கேட்ட சத்தம். கார்லண்டின் சத்தம். அது இப்போது வெல்டன் தார்ப்பின் அகன்ற வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல சரக்கு அந்த வாய் வழியாக அதுவரை போனதே இல்லை. வெல்டனுக்குக் கண் கலங்கியது. குளிர் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்தார்.

மூன்றாம் வட்டம். கூட்டம் மரத்தலைக்கு வந்துவிட்டது. கிளைகளில் உரசுகிற சிறகு கேட்டது. இங்கேதான் எல்லாம் பாழாகும். இங்கேதான் காலையில் ஊருக்கே பாழானது.

கயிறு தளர்ந்து கிடந்தது.

வெல்டனின் கன்னம் தானாக உப்பியது. உடம்பு முழுக்க ஒரு குவாக் ஏறி நின்றது. இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிட்டால் போதும், இறங்கிவிடும் என்று உள்ளே இருந்த ஏலக்காரன் துடித்தான். அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு ஈரமாக, சோம்பலாக, தண்ணீரில் வளைந்து மிதந்தது. அடுத்த மரத்தடியில் கார்லண்ட் அசையவே இல்லை. மற்றக் கையின் இரண்டு விரல் மட்டும், குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல, பொம்மைக் கயிற்றைச் சுண்டிச் சுண்டி விட்டது. நாலு பழைய பொம்மைகள் தலையாட்டின. அலை போய் மரங்களைத் தொட்டது. வெல்டன் உப்பிய காற்றை மூக்கு வழியாக, சத்தமில்லாமல், ஒரு கடன்காரனைப் பின்வாசல் வழியே அனுப்புவதுபோல அனுப்பினார்.

வாத்துகள் இறங்கின.

சிறகைக் குடைபோல விரித்து, கிளைகளின் ஊடே இப்படியும் அப்படியும் சாய்ந்து, உதிர்கிற இலைகளைப் போல ஒவ்வொன்றாக இறங்கின. ஆரஞ்சுக் கால்கள் முன்னால் நீண்டன. வெயில் பச்சைத் தலைகளில் பட்டு ஊதாவாகி மறுபடி பச்சையானது. ஒன்று தண்ணீரைத் தொட்டுச் சறுக்கி, பொம்மைப் பெட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, வணக்கம் சொல்வது போலக் கழுத்தை நீட்டியது. கைக்கெட்டும் தூரம்.

"இப்ப," என்றார் கார்லண்ட்.

கூட்டம் சரேலென்று எழும்பியது. கார்லண்டின் துப்பாக்கி இரண்டு முறை பேசியது. இரண்டு பச்சைத்தலைகள் விழுந்தன. வெல்டனின் துப்பாக்கியும் இரண்டு முறை பேசியது. ஒரு பச்சைத்தலையும் ஒரு ஓக் கிளையும் விழுந்தன. கிரேவி பலகையிலிருந்து குதித்தது. அந்தப் பருவம் முழுக்கக் காத்திருந்த நாய் அல்லவா; முதல் வாத்தைக் கவ்விக்கொண்டு, ஊதல் இப்போது எந்தக் கழுத்தில் தொங்குகிறது என்று பார்க்காமல், நேரே கார்லண்டிடம் நீந்திப் போனது.

கார்லண்ட் வாத்தை வாங்கி, அதன் மார்பு இறகைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கண்துணியைத் தூக்கி, மூடாத கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கண்ணுல எப்பவும் தண்ணி வரும்," என்றார்.

"எனக்கு ரெண்டுலயும் வருது மச்சான். டாக்டரைப் பார்க்கணும்."

"கடைசியில நீ ஊதாம நின்னியே."

"செத்துப் பொழைச்சேன்."

"எனக்குத் தெரியும். கயிறு ஆடுச்சு."

வெல்டன் கழுத்து வாரைக் கழற்றி நீட்டினார். கார்லண்ட் தலையசைத்தார். வேண்டாம். கயிற்றின் முனையை மட்டும் தன் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டார். படகில் ஏறியபோதும், துறையை நோக்கித் திரும்பியபோதும் அதை விடவில்லை. மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று வெல்டனுக்கும் தோன்றவில்லை. படகை விற்காதே என்று சொல்ல வழியெல்லாம் நல்ல நல்ல வாசகங்கள் அவர் நாக்கில் வந்து வரிசைகட்டி நின்றன. ஏலக்காரனுக்கு வாசகத்துக்கா பஞ்சம்?

*

க்ளோவிஸ் துறையில் நின்றுகொண்டிருந்தான். படகின் தரையில் கிடந்த மூன்று பச்சைத்தலைகளைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"எப்படிண்ணே? காட்டுல ஒரு பய சுடலையே! என்ன பண்ணுனீங்க?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் குனிந்து படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தான். மோட்டாரைத் தடவினான். "நல்லாத்தான் இருக்கு. சரி, விக்கிறீங்கல்ல? இப்பவே பேசி முடிச்சிருவோமா?"

வெல்டன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் சேர்த்து வைத்தது அத்தனையும் தொண்டைக்கு வந்தது. மணிக்கட்டில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தார்.

கயிறு தளர்ந்து கிடந்தது.

வெல்டன் வாயை மூடினார். க்ளோவிஸ் அவரைக் கவலையோடு பார்த்தான். வெல்டன் தார்ப் பேசாமல் நிற்பதை அவன் பார்த்ததே இல்லை, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்னவோ. நாய் உடம்பை உதறியது. கார்லண்ட் அவசரப்படவில்லை. படகைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் வெல்டன் உப்பிய கன்னத்தோடு நின்றார். வாத்துக்குக்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"விக்கலாம் க்ளோவிஸ்," என்றார் கார்லண்ட் கடைசியில். "ஆனா தனியா விக்க முடியாது. இப்ப இந்தப் படகோட இன்னொரு சாமானும் சேர்ந்துடுச்சு." கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். வெல்டனின் கை தானாகத் தூக்கிக்கொண்டது. "எடுத்தா ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

க்ளோவிஸ் வெல்டனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். ஒழுகிய இடது காலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வேணாம்ணே," என்றான்.

"எனக்கும் ஊதுறதுக்கு வேற ஆள் கிடைக்காது," என்றார் கார்லண்ட். "கோடை பூரா என் கொட்டகைக்கு வா மாப்ளே. உன் தொண்டையில இருக்கிற அந்த வாசக்கதவுக்கு எண்ணெய் போடணும்."

கயிறு நீளமாக இழுபட்டது. வெல்டன் கார்லண்டின் ஊதலை எடுத்து, படகுத் துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, ஒற்றைக் குவாக் விட்டார்.